வடக்குச் சுவர்

செம்பாறை அடிவாரம்
1924, ஜூலை 6

அக்காவுக்கு ஏமஸ் எழுதுவது.

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அம்மாவும் மச்சானும் ஆடுகளும் மலைமேல் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். தொடங்கிவிட்டேன். இனி விஷயம்.

படக் கம்பெனி இங்கே வந்து இறங்கி ஒன்பது நாளாகிறது. ஜெனரேட்டர் லாரியும் பதினொரு ஆர்க் விளக்குகளும் என் பொறுப்பு. கதை, ஒரு செவ்விந்திய நவஹோ இளவரசியின் காதலாம். நம்மில் எப்போது ராஜா இருந்தான், இளவரசி பிறப்பதற்கு? டைரக்டரிடமே கேட்டேன். "நீ உன் விளக்கப் பாருப்பா" என்றார்.

கதாநாயகன் வெள்ளைக்காரன். தினமும் காலையில் ஒரு மணிநேரம் உட்காரவைத்து முகத்தில் பழுப்புச் சாயம் அப்புகிறார்கள். மதியத்துக்குள் அது உருகிச் சட்டைக்குள் ஓடுகிறது. கழுத்துக்கு மேலே நவஹோ, கீழே தோலுரித்த கோழி. தலையில் ஒரு கழுகுக் கூட்டத்தையே மொட்டையடித்த இறகுக் கிரீடம். காதலர்கள் நிலவொளியில் போவதற்காக ரயிலில் ஒரு படகு வந்திருக்கிறது. தண்ணீர் வரவில்லை.

திரையில் போடுவதற்குக் குலப்பெயர் வேண்டும் என்று எழுத்துக்காரர் என்னிடம் கேட்டார். காதலன், காதலி இருவருக்கும் நம் குலத்தின் பெயரையே சொல்லிவிட்டேன். நம் முறைப்படி அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். கூலிக்கு நடிக்க வந்த நம் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குதிரைக்குப் பின்னால் ஒளிகிறார்கள்.

நம் வீட்டு முன்னால்தான் தரை சமமாக இருக்கிறது. லாரியை அங்கே நிறுத்தியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

உன் தம்பி
ஏமஸ்

*

சுஸ்கா மலை
ஜூலை 21

தம்பிக்கு யனாபா எழுதுவது.

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மேய்ச்சல் நன்றாக இருக்கிறது. இரண்டு குட்டிகளை ஓநாய் கொண்டுபோனது. உன் மச்சான், முறைப்படி மருமகன் மாமியார் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று வழக்கம்போல இருநூறு அடி தள்ளி ஒரு மரத்தடியில் குடித்தனம் செய்கிறான். நான் இரண்டு மரத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இந்த நிலையில் ஓட்டம் கூடாது என்கிறார்கள். ஆமாம், அதுதான் செய்தி. ஜனவரியில் பிறக்கும். தன் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று அம்மா இப்போதே முடிவு செய்துவிட்டாள். நாம் இருவரும் பிறந்த இடத்திலேயே.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொன்னேன். படகு விஷயத்தில் நெடுநேரம் சிரித்தாள். பிறகு, "வெளிய என்ன கூத்து வேணும்னா அடிக்கட்டும். என் வீட்டுக்குள்ள ஒருத்தன் காலு வைக்கக் கூடாது. நான் சொன்னேன்னு அவனுக்கு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

மகன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்றும் கேட்டாள்.

உன் அக்கா
யனாபா

*

லாஸ் ஏஞ்சலிஸ்
ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். பிள்ளை வரப்போகிற செய்தி சந்தோஷம். கனமான எதையும் தூக்காதே.

உன் கடிதம் தபால் வந்து சேரும் அந்தக் கடையில் கிடந்து, நாங்கள் கிளம்புகிற அன்றுதான் கைக்கு வந்தது. வேலை முடிந்து ஊர் திரும்பிவிட்டோம். படம் டிசம்பருக்குள் வெளிவருமாம். குப்பை என்றால் சாதாரணக் குப்பை இல்லை, சரிகை சுற்றிய குப்பை. ஆனால் என் விளக்குகளில் ஒன்றுகூட ஒரு நாளும் கெடவில்லை. ஸ்டுடியோவில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். லாரியைப் பின்னால் எடுக்கும்போது வீட்டுச் சுவரில் இடித்து ஒரு ஓட்டை விழுந்தது. புதுக் கட்டை வைத்து அடைத்து, மண் பூசிவிட்டேன். முன்னைவிட உறுதி. அம்மா கவலைப்பட வேண்டாம்.

உன் தம்பி
ஏமஸ்

*

வீட்டிலிருந்து
செப்டம்பர் 29

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பிறகு கேட்கிறேன்.

நேற்று மலையிலிருந்து இறங்கினோம். அம்மா வண்டியைவிட்டு இறங்கி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். தம்பி, நீ அடைத்த ஓட்டை வடக்குச் சுவரில் இருக்கிறது.

வடக்கே ஓடைப் பள்ளம். அங்கே ஆள் நிற்கத்தான் இடம், லாரி எப்படிப் போயிற்று? பழைய கட்டைகளின் முனையைத் தடவிப் பார்த்தேன். இடிபட்டதில்லை, ரம்பத்தால் அறுத்தது. உன் லாரிக்கு ரம்பம் பிடிக்கத் தெரியுமா?

வடக்குச் சுவரை எதற்காக உடைப்போம் என்பது உனக்கு மறந்துபோகவில்லையே? உள்ளே யாராவது செத்தால் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டோம். வடக்கே உடைத்து வெளியே எடுப்போம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மனிதன் குடியிருக்க மாட்டான், அதிலிருந்து ஒரு கரண்டியைக்கூட எடுக்க மாட்டான். வேறு எதற்கும் அந்தச் சுவரில் யாரும் கைவைப்பதில்லை.

அம்மா வெளியே கூடாரத்தில் இருக்கிறாள். நான் கேட்பது ஒன்றுதான். உள்ளே யாராவது செத்தார்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுது. உன் மின்சாரப் பாடம் வேண்டாம்.

யனாபா

*

லாஸ் ஏஞ்சலிஸ்
அக்டோபர் 13

அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

இல்லை. யாரும் சாகவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் உயிரோடு ரயிலேறினார்கள், அந்தக் கதாநாயகன் உட்பட. அது ஒன்றுதான் வருத்தம்.

லாரி என்று எழுதினால் ஒரு வரியில் முடியுமே என்று எழுதினேன். நடந்தது இது. உள்ளே படமெடுத்தார்கள். ஆர்க் விளக்கை உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. வாசலைக் காமிராவும் ஆட்களும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். கேபிள் நீளம் போதவில்லை. அந்தப் பக்கம் கிட்டத்தில் இருந்தது, அறுத்தோம். எது வடக்கு, எது தெற்கு என்று திசைகாட்டி வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை. அம்மா சொன்னது முன்கூட்டித் தெரிந்திருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

குளிர் தொடங்கப்போகிறது. அம்மாவை உள்ளே போகச் சொல். ஒரு மரச்சுவரில் போட்ட ஓட்டைக்காக மனிதர் கூடாரத்தில் நடுங்குவது எனக்குப் புரியவில்லை.

ஏமஸ்

*

வீட்டிலிருந்து
நவம்பர் 10

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். எனக்குக் கால் வீங்குகிறது, வேறொன்றும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அம்மா "இல்லை" என்ற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். நம் தாய்மாமா, "அந்தப் பய சொல்றத எப்படிம்மா நம்புற? மொதல்ல லாரின்னான், இப்போ கேபிள்ங்கிறான்" என்றார். அவள், "கேபிள்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரிஞ்சவன் சொல்றான். என் மகன் இல்லேன்னா இல்லதான்" என்று வெட்டிவிட்டாள். மாமா வீட்டை வாழ்த்தி நான்கு திசைக்கும் சோள மகரந்தம் தூவினார். அன்றே குடிபுகுந்துவிட்டாள். உன் ஒரு சொல்லை நம்பி உள்ளே இருக்கிறாள். நானும் அங்கேதான் பெற்றெடுக்கப் போகிறேன்.

இன்னொரு செய்தி. உங்கள் படம் டிசம்பர் முதல் வாரம் கேலப் நகரத்துக்கு வருகிறது. நடித்த நம் ஆட்களையெல்லாம் கடைக்காரர் தன் லாரியில் கூட்டிப்போகிறார். அம்மாவும் கிளம்பிவிட்டாள். படம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. "என் மகன் போட்ட வெளிச்சத்தப் பாக்கணும்" என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உன் அக்கா
யனாபா

*

லாஸ் ஏஞ்சலிஸ்
நவம்பர் 27

அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

அம்மாவைக் கேலப்புக்குக் கூட்டிப்போகாதே. பனிக்காலத்தில் அந்தச் சாலையில் லாரியின் திறந்த முதுகில் உட்கார்ந்து போவது புத்திசாலித்தனம் இல்லை. படமும் பார்க்கத் தகுந்ததில்லை. திரை ஆடும், அம்மாவுக்குக் கண் வலிக்கும். நீயும் போகாதே, உன் நிலையில் குலுக்கல் ஆகாது. வேண்டுமானால் அடுத்த வருடம் நானே நல்ல படமாகப் பார்த்துக் கூட்டிப்போகிறேன்.

சொன்னதைக் கேள். காரணம் கேட்காதே.

ஏமஸ்

*

என் வீட்டிலிருந்து
டிசம்பர் 16

உன் கடிதம் நாங்கள் போய்த் திரும்பிய மூன்றாம் நாள் வந்தது.

முப்பது பேர் போனோம். உன் மச்சான் மாமியார் கண்ணில் படாமல் இருக்கக் கொட்டகையின் கடைசி மூலையில் கம்பளியால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தான், படமே பார்க்கவில்லை. நாங்கள் முன்னால் இருந்தோம். படகு வந்ததும் நம் ஆட்கள் பெஞ்சைத் தட்டினார்கள். குலப்பெயரை வாசித்துச் சொன்னதும் பின்னாலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்து, "அடியே, இவ உன் தங்கச்சியாம்! மூக்கு உங்க வீட்டு மூக்குதான்!" என்று கத்தினாள். எங்களுக்கும் முன்னாலிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். சோகக் காட்சியாம் அது.

பிறகு நம் வீடு வந்தது. அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "பாருங்க, பாருங்க, என் வீடு!" என்று நாலு பேருக்குக் காட்டினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு படம் பின்பக்கம் போயிற்று. சாயம் பூசிய நான்கு பேர் வடக்குச் சுவரை அறுத்தார்கள். கம்பளி சுற்றிய பிணத்தை ஓட்டை வழியாக இழுத்தார்கள். கட்டையில் மாட்டிக் கம்பளி நழுவியது.

நீ.

வாய் திறந்து, கண் மூடி, முகமெல்லாம் வெளிச்சம். நல்ல வெளிச்சம்தான். மயிரிழைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

நம் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நான், "அம்மா, அது நடிப்பும்மா. அவன் நல்லாத்தான் இருக்கான். கடுதாசி போடுறான்ல?" என்றேன்.

அவள் கேட்டாள்: "நடிப்புக்குத்தான உடைச்சாங்க? சுவரு நெசமாத்தான உடைஞ்சுது?"

படித்தவன் நீ, சொல்லு.

அம்மா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. உள்ளே இருந்த தறி, பாத்திரம், போர்வை, பிள்ளைக்கென்று அவள் தைத்துவைத்தவை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அவள் பக்கத்திலுள்ள என் வீட்டில் இருக்கிறாள். அதனால் உன் மச்சான் வெளியே வண்டியில் படுக்கிறான். வந்ததிலிருந்து அவள் நான்கு நாள் யாரோடும் பேசவில்லை. நம்மில் ஆள் செத்தால்தான் நான்கு நாள் பேசாமல் இருப்பார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

யனாபா

*

லாஸ் ஏஞ்சலிஸ்
1925, ஜனவரி 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சரி, கேள். கதைப்படி காதலனைச் சிதையில் வைத்துக் கொளுத்தி, சுற்றிலும் இறகு கட்டி ஆடுவதாக இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. டைரக்டர் என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க வேற எப்படித்தான்யா செய்வாங்க?" என்றார். சொன்னேன். வடக்குச் சுவர் முதல் எல்லாம் சொன்னேன். படம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயமாவது சரியாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஒரு பிழையைத் திருத்தினேன். வேறொன்றும் இல்லை.

நம் ஆட்கள் பிணமாகப் படுக்க மாட்டோம், தொடவும் மாட்டோம் என்று குதிரையேறிப் போய்விட்டார்கள். சாவுப் பேச்சு என்பதால் உங்களிடம் வாயே திறந்திருக்க மாட்டார்கள். கதாநாயகனுக்குச் சாயம் அழிந்துவிடுமாம், அவனும் மாட்டேன் என்றான். வெயில் இறங்க இருபது நிமிடம் இருந்தது. டைரக்டர் கத்துகிறார், பெண்கள் அழுகிறார்கள், மடையர்கள் கூட்டம். எனக்குப் பொறுக்கவில்லை. நான் படுத்தேன். கம்பளி நழுவியது தற்செயல். எந்தச் செவ்விந்தியன் முகமானால் என்ன, நன்றாக வந்திருக்கிறது என்று டைரக்டர் அதை வைத்துக்கொண்டார்.

நான் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு அடுத்த காட்சிக்கு விளக்கு மாற்றினேன். இதில் எங்கே சாவு இருக்கிறது? ஓட்டைக்குக் கட்டை போதும், மண் போதும். வீட்டை விட்டுவிட்டு மச்சானைப் பனியில் போடுவதுதான் முட்டாள்தனம்.

என்னை விளக்குப் பிரிவுக்குத் தலைமை ஆளாக்கியிருக்கிறார்கள். இந்த மாதம் லீவு கிடைக்காது.

ஏமஸ்

*

என் வீட்டிலிருந்து
ஜனவரி 26

பெண் குழந்தை. பத்தொன்பதாம் தேதி, என் வீட்டில் பிறந்தாள். நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன்.

பெறும்போது அம்மா என்னோடு உள்ளே இருந்ததால் உன் மச்சான் அந்த இரண்டு நாளும் பனியில் குதிரையோடு நின்றான். இடது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. ஒன்று போய்விடும் என்கிறார்கள். அவன் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன், நிறையச் சொன்னேன்.

அம்மா இப்போது பேசுகிறாள். ஆடு, விறகு, குழந்தையின் மூக்கு, எல்லாம் பேசுகிறாள். உன்னைப் பற்றி மட்டும் இல்லை. மகன் சாப்பிடுகிறானா என்று கேட்பதில்லை. உன் கடிதத்தைப் பிரித்தால் எழுந்து ஆட்டுப் பட்டிக்குப் போய்விடுகிறாள். செத்தவர்களைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதில் அவள் எப்போதும் கண்டிப்பு.

மாமா போய், தீட்டும் நோயும் கழிக்கச் சடங்குப் பாட்டுப் பாடுகிறவரைப் பார்த்தார். ஐந்து நாள் பாடினால் இதைக் கழித்துவிடலாம், ஆளை மறுபடி ஆளாக்கிவிடலாம் என்றாராம். ஆனால் பாட்டு யாருக்கோ அவன் நடுவில் உட்கார வேண்டும். தபாலில் உட்கார முடியாது. மார்ச்சில் பனிக்காலப் பாட்டுகள் முடிந்துவிடும்.

உன்னிடம் நான் கெஞ்சப் போவதில்லை. வருவதானால் எழுது. உன் மூச்சைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எழுதுவதானால் தபால்தலையை வீணாக்காதே.

யனாபா

*

லாஸ் ஏஞ்சலிஸ்
பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுதவேண்டும். மருமகள் பிறந்ததற்குச் சந்தோஷம். மச்சானின் விரலுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

படத்தை நான் அதுவரை பார்க்கவில்லை. நேற்றுப் போனேன். தப்பு எங்கே என்று அம்மாவுக்கு விளக்கி எழுதலாம் என்றுதான் போனேன். கையில் பென்சிலும் காகிதமும் இருந்தன. ஒவ்வொரு விளக்கையும் எங்கே வைத்தேன், எந்த உயரம், எந்தக் கோணம், எல்லாம் எனக்கு மனப்பாடம். இடப்பக்கத்து விளக்கில் எரிகிற கார்பன் குச்சி ஒருமுறை படபடத்தது, அதுகூடத் திரையில் தெரிகிறது. அவ்வளவும் தெரிந்த எனக்கே, கம்பளி நழுவியபோது உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஒரு அசலான பிணத்துக்கு அழுவதுபோல அழுதாள். ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவளையா, என்னையா என்று தெரியவில்லை.

கேபிள் நீளம் போதுமான அளவு இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வடக்கு எது என்பதும் எனக்குத் தெரியும். நான்தான் விரல் நீட்டிக் காட்டினேன்.

பாட்டில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எண்ணாதே. வரவில்லை. ஐந்து நாள் புகையில் உட்கார்ந்து முதுகு நோகப்போகிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இல்லை என்று எழுதியவன் நான். அந்தச் சொல்லை நம்பி உள்ளே போனவள் அவள். இதில் அவளைத் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

ஸ்டுடியோவில் சொல்லிவிட்டேன். தலைமைப் பதவிக்கு வேறு ஒருவனைப் போட்டுவிட்டார்கள், காத்திருந்தவன்போல வந்து உட்கார்ந்துவிட்டான். மார்ச் 3 காலை கேலப்பில் இறங்குகிறேன். அம்மாவிடம் நீயே சொல். என்ன சொல்கிறாள் என்று எழுது. ஒன்றும் சொல்லாவிட்டாலும் எழுது.

உன் தம்பி
ஏமஸ்

*

என் வீட்டிலிருந்து
பிப்ரவரி 23

தம்பிக்கு,

குழந்தை சுகம், நான் சுகம். உன் மச்சான் நொண்டுகிறான், ஆனால் நடக்கிறான். மாமா பாடுகிறவருக்கு ஆள் அனுப்பிவிட்டார். மார்ச் 5.

உன் கடிதம் வந்தபோது அம்மா பட்டிக்குப் போக எழுந்தாள். நான் வழியை மறித்துக்கொண்டு உரக்கப் படித்தேன். கேபிள் நீளம் போதுமானதாக இருந்தது என்ற இடத்தில் உட்கார்ந்தாள். முடித்ததும் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு வாயைத் திறந்தாள். "மடையன். பொய் சொல்லக்கூடத் தெரியாத மடையன். படிச்சு என்னத்தக் கிழிச்சான்? வரட்டும். ஓடைக்கு அந்தாண்டை புது வீடு கட்டணும். அவன் மாமாவால முடியாது, இவ புருசனுக்குக் காலு போச்சு. வந்து மரத்த வெட்டச் சொல்லு அந்தத் தடிப்பயல. நாப்பது கட்டை வேணும்!"

இரண்டரை மாதத்துக்குப் பிறகு உன்னைத் திட்டினாள். தொடர்ந்து திட்டிக்கொண்டே இருக்கிறாள், இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிறாள். எல்லாவற்றையும் எழுத எனக்குக் கை போதாது.

வரும்போது ஒரு கோடாலி வாங்கி வா. நம்முடையது அந்த வீட்டுக்குள் கிடக்கிறது.

உன் அக்கா
யனாபா